ஒரே வட்டாரத்து ஒயினைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி? மோஸல் ரீஸ்லிங்கோடு ஒரு தொடக்கம்

பத்து நாட்டு ஒயினை ஒரே மேசையில் பரப்பிவைத்துச் சுவைத்தால் பொழுது நன்றாகப் போகும். கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. ஆஸ்திரேலிய ஷிராஸுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஷார்டனே, அதற்குப் பக்கத்தில் சிலி நாட்டு மெர்லோ என்று வைத்தால் திராட்சை வேறு, வெயில் வேறு, பீப்பாய் வேறு, ஆல்கஹால் வேறு. இது பிடித்தது, அது பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எதனால் பிடித்தது என்று யாராவது கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

வட்டாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி ஒழிந்துவிடும். திராட்சையும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போது மாறுவது சில விஷயங்கள்தான்: தோட்டம், தயாரிப்பாளர், அறுவடை ஆண்டு, இனிப்பின் அளவு. அவற்றிலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற விட்டு மற்றதையெல்லாம் கட்டிப்போடுவதுதான் சுவைப்பின் அடிப்படை. நீங்கள் போடும் மதிப்பெண்ணுக்குப் பொருள் வருவது அதனால்தான். ஒரே ஆண்டின் பல ஒயின்களை ஒப்பிடலாம். அல்லது ஒரே ஒயினைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிடலாம். புதியவர்கள் முதல் வழியிலேயே தொடங்குவது நல்லது. இரண்டாவதற்குப் பழைய போத்தல்கள் வேண்டும். விலை ஏறும் என்பது ஒரு பக்கம் இருக்க, நம் சிங்கப்பூர் வெப்பத்தில் அந்தப் போத்தல் இத்தனை காலம் எங்கே கிடந்தது என்ற கேள்வியும் வந்துவிடும்.

ஏன் மோஸல்?

இங்கே எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் மோஸல் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே கொடி நட்ட நிலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு ரீஸ்லிங் என்ற ஒரே வெள்ளைத் திராட்சைதான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் புது ஓக் பீப்பாயைத் தொடுவதில்லை. அதனால் மரத்தின் வாசனை பழத்தை மறைக்காது. இனிப்பு மிச்சமிருக்கும் வகைகளில் ஆல்கஹால் 7.5 முதல் 9 விழுக்காடுதான் இருக்கும். வெளியே 31 டிகிரி கொளுத்தும் ஊரில் ஆறு ஒயினைத் தொடர்ந்து சுவைக்க வேண்டுமென்றால் இது பெரிய உதவி.

வரியிலும் இந்த வேறுபாடு தெரியும். சிங்கப்பூரில் ஒயினுக்குக் கலால் வரி போத்தலின் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. உள்ளே இருக்கும் தூய ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லி போத்தலில் 8 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 60 மில்லி. வரி 5 வெள்ளி 28 காசு. 14.5 விழுக்காடு ஷிராஸ் என்றால் 9 வெள்ளி 57 காசு. இதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும். ஆல்கஹால் ஒன்றாக இருந்தால் மட்டமான ஒயினுக்கும் உயர்ந்த ஒயினுக்கும் கலால் ஒன்றே. ஆகவே அடிமட்ட விலைப் போத்தலில் நீங்கள் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு வரிக்கும் கப்பல் கூலிக்கும் போய்விடுகிறது. அதற்கு மேலே ஒரு படி ஏறினால், கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பகுதி ஒயினுக்கே போகும். சுவைப்புக்கு வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோஸல் ஆறு பிரான்ஸின் வோஸ் மலையில் தோன்றி, லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி ஓடி, கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கிறது. ஸார், ரூவர் என்று இரண்டு துணையாறுகளின் கரைகளும் இந்த வட்டாரத்தில் சேர்த்திதான். ஏறக்குறைய 50 டிகிரி வட அட்சரேகை; திராட்சை பழுப்பதே பாடு என்ற அளவுக்குக் குளிர். அதனால் வெயிலை நேராக வாங்கும் தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில் கொடி நடுகிறார்கள். ப்ரெம் என்ற ஊரை ஒட்டிய கால்மொண்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல் செங்குத்தானது. அங்கே எல்லாம் கைவேலைதான். மண்ணுக்குப் பதில் கண்ணில் படுவது உடைந்த ஸ்லேட் கல். பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும்; மழைத் தண்ணீரைத் தேங்க விடாது. 1787இல் ட்ரியர் பேராயர் க்ளெமென்ஸ் வென்ஸெஸ்லாவுஸ் மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல வகைகளை, குறிப்பாக ரீஸ்லிங்கை நடச் சொல்லி ஆணையிட்டார். இன்றைய மோஸலின் முகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழம் குளிரில் மெல்லப் பழுப்பதால் மணம் ஏறும்போதும் புளிப்பு இறங்குவதில்லை. லிட்டருக்கு 7 முதல் 9 கிராம் வரை அமிலம் இருப்பது அங்கே சகஜம். இந்தப் புளிப்புதான் மோஸலின் முதுகெலும்பு. எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் திகட்டாமல் தாங்கிப் பிடிப்பது இதுதான்.

லேபிளில் இனிப்பைக் கண்டுபிடிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம். லேபிளில் காபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே என்ற சொற்களில் ஒன்று இருக்கலாம். இவை படிப்படியாக மேலே போகும் தரங்கள். ஆனால் இவை சொல்வது, பறித்த அன்று பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை. போத்தலுக்குள் எவ்வளவு மிச்சம் என்பது வேறு கதை. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. தயாரிப்பாளர் அதை எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தே ஒயினின் இனிப்பு அமையும்.

கணக்கு எளிது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை செலவானால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். சாற்றில் 180 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 8 விழுக்காட்டில் நொதிப்பை நிறுத்தினால் 136 கிராம் செலவு, 44 கிராம் மிச்சம். நல்ல இனிப்புக் காபினெட். நிறுத்தாமல் விட்டால் 10.5 விழுக்காட்டுக்குப் போய் இனிப்பே இல்லாமல் முடியும். ஆகவே லேபிளில் எந்த ஜெர்மன் சொல்லும் புரியாவிட்டாலும் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 7.5 முதல் 9 வரை என்றால் இனிப்பு. 11.5க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது. நடுவில் இருந்தால் எப்படியும் இருக்கலாம், நாக்குதான் சொல்ல வேண்டும்.

ட்ரோக்கன் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. ஹால்ப்ட்ரோக்கன் என்றால் 18 வரை. ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவே கிடையாது. லேசான இனிப்பு என்று தயாரிப்பாளர் நினைப்பதுதான் அளவு. மதிப்பெண் போடும் சுவைப்புக்கு இந்த வகையைத் தவிர்த்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. இனிப்பில்லாத வரிசையிலும் ஒட்டாது, இனிப்பு வரிசையிலும் ஒட்டாது.

ஊர்ப்பெயரும் தோட்டப்பெயரும் சேர்ந்து வரும். வேலன் என்ற ஊரின் ஸோனென்ஊர் தோட்டம் லேபிளில் வேலனர் ஸோனென்ஊர் ஆகிறது. இதில் ஒரு பொறி உண்டு. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஹென் என்பது பீஸ்போர்ட் ஊரின் புகழ்பெற்ற தனித் தோட்டம். பீஸ்போர்ட்டர் மிஹெல்ஸ்பெர்க் என்பதோ 1971ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பெருந்தொகுதி. பல ஊர்களின் திராட்சை அந்த ஒரே பெயரில் விற்பனையாகலாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பெயர்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் இது தனித் தோட்டமா என்று கேட்டுவிடுங்கள்.

லேபிளில் ஏ.பி. என்று தொடங்கும் நீண்ட எண்ணும் இருக்கும். தரமான ஜெர்மன் ஒயின் ஒவ்வொன்றும் அரசுச் சோதனைக்குப் போய் வாங்கி வரும் எண் அது. கடைசி இரண்டு இலக்கம் சோதனை நடந்த ஆண்டு. அந்தச் சோதனையிலும் மதிப்பெண் உண்டு: 5 புள்ளி அளவுகோலில் குறைந்தது 1.5 வாங்க வேண்டும். அதாவது அந்த எண், ஒயினில் பெரிய குறை இல்லை என்பதற்குச் சான்று; அருமையானது என்பதற்குச் சான்று ஆகாது.

எந்தப் போத்தல்களை வாங்குவது?

எட்டுப் பேருக்கு ஐந்து போத்தல் போதும். பெரிய பேரங்காடிகளில் ஒன்றிரண்டுக்கு மேல் மோஸல் இருக்காது. ஜெர்மன் ஒயினை இறக்குமதி செய்யும் கடைகளில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எந்தக் கடையானாலும் இரவு பத்தரைக்குமேல் போத்தல் விற்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

முதல் இரண்டும் ட்ரோக்கன்: ஒரே ஆண்டு, வெவ்வேறு தயாரிப்பாளர்கள். இங்கே மாறுவது கைப்பக்குவம். அடுத்த இரண்டும் காபினெட்: ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, வெவ்வேறு தோட்டம். வேலனர் ஸோனென்ஊர், ஊர்ட்ஸிகர் வூர்ட்ஸ்கார்ட்டன் என்ற இணை பாடம் படிக்க ஏற்றது. முதலாவது நீலச்சாம்பல் ஸ்லேட். இரண்டாவது இரும்புச் சத்துள்ள சிவப்பு மண். டாக்டர் லோஸன் போன்ற தயாரிப்பாளர்கள் இரண்டு தோட்டத்திலிருந்தும் ஒயின் செய்கிறார்கள். ஐந்தாவது, அதே தயாரிப்பாளரின் ஷ்பேட்லேஸே, அந்த இரண்டு தோட்டத்தில் ஒன்றிலிருந்து. இங்கே மாறுவது பழுத்த அளவு மட்டும். கையில் காசு இருந்தால் கடைசியில் ஓர் அரைப் போத்தல் அவுஸ்லேஸே வையுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம், சும்மா குடிப்பதற்கு.

ஆண்டு விஷயத்தில் ஒன்று. 2018 வெயில் ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து ஒயின் மென்மையாக இருக்கும். 2021 குளிர்ந்த, மழை பெய்த ஆண்டு. புளிப்பு தூக்கலாக இருக்கும். ஒரு மேசையில் இரண்டையும் கலந்தால் தோட்டத்தின் வேறுபாடு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் வானிலையின் வேறுபாடாக இருக்கும்.

ஐந்து போத்தலுக்கு ஆறு கிளாஸ். ஆறாவது கிளாஸ் ஒரு சோதனை: காபினெட் இரண்டில் ஒன்றையே ஊற்றுபவர் மறுபடியும் வேறு எண் போட்டு ஊற்ற வேண்டும். சுவைப்பவர்களிடம் சொல்லக் கூடாது. ஒரே ஒயினுக்கு 20க்கு 17ம் 13ம் போட்டிருந்தால், அன்றைக்கு உங்கள் மதிப்பெண்ணில் நான்கு புள்ளி வரை வெறும் இரைச்சல் என்று தெரிந்துவிடும். வருத்தப்பட வேண்டாம். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் நடுவர்களுக்கே ஒரே ஒயினை மூன்று முறை ஊற்றிக்கொடுத்து ராபர்ட் ஹாட்ஸன் என்ற ஒயின் தயாரிப்பாளர் ஆராய்ந்தார். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. திரும்பத் திரும்ப ஒத்த மதிப்பெண் போட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான்.

ஆளுக்கு ஒரு கிளாஸில் 40 மில்லி. சோதனை ஒயினுக்கு இரண்டு சுற்று ஊற்றினாலும் 640 மில்லிதான் ஆகும். ஒரு போத்தலுக்குள் அடங்கும். ஆறு கிளாஸையும் விழுங்கினால் 240 மில்லி. சராசரி 10 விழுக்காடு என்று பார்த்தால் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால். துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் குவளை வையுங்கள். துப்புவதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஆகவே திரும்பும்போது எம்ஆர்டி ரயில் அல்லது டாக்சி.

அறை, கிளாஸ், குளிர்ச்சி

ரீஸ்லிங்கின் மணம் மெல்லியது. வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தால், ஊதுபத்தி ஏற்றியிருந்தால், சமையலறையில் தாளித்திருந்தால் அன்றைய சுவைப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு முன்பே சன்னலைத் திறந்துவிட்டு, பிறகு மூடிக் குளிர்சாதனத்தைப் போடுங்கள். மல்லிகைப்பூ வேண்டாம், செண்ட் வேண்டாம், தலைவலிக்குப் பூசிய கோடாலித் தைலம் கண்டிப்பாக வேண்டாம். கோப்பி, தே தாரிக் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பல் துலக்கிய கையோடு சுவைத்தால் எந்த ஒயினும் கசக்கும். புகைமூட்ட நாளாக இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

கிளாஸ் எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். சுவைப்புக்கென்றே 1977இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த கிளாஸ் உண்டு: 215 மில்லி கொள்ளளவு, வாய் குறுகியது, மலிவானது. எட்டுப் பேருக்கு ஆறு ஆறாக 48 கிளாஸ் யார் வீட்டிலும் இருக்காது. ஆளுக்கு இரண்டு போதும். ஒயின்களை இணை இணையாகக் கொடுத்தால் ஒப்பிடுவதும் எளிது. கழுவும்போது சோப்பு மணம் தங்காமல் வெந்நீரில் அலசுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ் மரவாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றும் முன் வெறும் கிளாஸை ஒரு தடவை மோந்து பாருங்கள்.

வெப்பநிலையில்தான் நம் ஊரில் பாதி மதிப்பெண் கெடுகிறது. 8 முதல் 10 டிகிரி சரியான அளவு. ஃப்ரிட்ஜ் ஏறக்குறைய 4 டிகிரி. அங்கிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடைபட்டு, இனிப்பு ஒளிந்துகொண்டு, புளிப்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கும். 15 நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். மாறாக, ஊற்றிய கிளாஸை அரட்டையில் மறந்தால் ஒயின் அறையின் சூட்டுக்குப் போய்விடும். இனிப்பு பாகாகக் கனக்கும். 40 மில்லி மட்டும் ஊற்றச் சொன்னதற்கு இதுவும் காரணம். மீதிப் போத்தலைப் பாதி ஐஸ், பாதித் தண்ணீர் உள்ள வாளியில் வையுங்கள். வெறும் ஐஸ் போட்டால் போத்தலைச் சுற்றிக் காற்று இடைவெளி இருக்கும், குளிர நேரமாகும்.

போத்தல்களைக் காகிதப் பையில் மறைத்து எண் போடுங்கள். கழுத்துப் பகுதித் தகட்டையும் முழுதாகக் கிழித்துவிடுங்கள். அதன் நிறத்தை வைத்தே கண்டுபிடிப்பவர்கள் உண்டு. விலை தெரிந்தால் நாக்கு விலையைத்தான் சுவைக்கும்.

வரிசை எப்போதும் இனிப்பில்லாததிலிருந்து இனிப்பை நோக்கி. ஷ்பேட்லேஸேயைக் குடித்துவிட்டு ட்ரோக்கனுக்கு வந்தால் அது உப்பும் சர்க்கரையும் போடாத எலுமிச்சைச் சாறாகத்தான் தெரியும். ஒயினின் குற்றமில்லை, வரிசையின் குற்றம்.

ஒரு கிளாஸை எப்படிச் சுவைப்பது?

காபினெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம், ஓரத்தில் லேசான பச்சை இருந்தால் இளமையான ஒயின். அடியில் ஓரிரு பொடிக் குமிழி இருக்கலாம். நொதிப்பின் கரியமில வாயுவில் மிச்சம். நிறத்துக்கு மதிப்பெண் தர வேண்டியதில்லை. வெள்ளை ஒயினில் நிறத்தை வைத்து நல்லது கெட்டது சொல்வது அபூர்வம்.

சுழற்றாமல் முதலில் ஒரு மோப்பம். இளம் மோஸலில் பற்றவைத்த தீக்குச்சி வாசனை வரலாம். பயப்படாமல் ஐந்தாறு முறை சுழற்றிவிட்டு மறுபடி மோந்து பாருங்கள். இப்போது எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பொமெலோ, வெள்ளைப் பீச் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெயர் வாயில் வராமல் தவிப்பவர்கள், சுவைப்புக்கு முன் தேக்கா சந்தையில் எலுமிச்சை, பொமெலோ, பேரிக்காய், இஞ்சி வாங்கி நறுக்கிக் கிண்ணங்களில் போட்டு அடுத்த அறையில் வைத்து மோந்து பழகலாம். நமக்குத் தெரியாத கூஸ்பெரி, எல்டர்பூ என்று எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. உங்களுக்கு மாங்காய்ப் பால் வாசனை அடித்தால் அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை அதே குறிப்பு உங்களுக்குப் பயன்படும்.

பிறகு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக வாயில் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, வாய் முழுக்கப் புரட்டுங்கள். முதல் நொடியில் இனிப்பு. இரண்டு மூன்று நொடியில் கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறத் தொடங்கும்; புளிப்பின் அளவுகோல் அதுதான். துப்பிய பிறகு வாயைத் திறந்து வையுங்கள்: எச்சில் வழியும் அளவுக்கு ஊறினால் புளிப்பு மிகுதி. இனிப்பு எங்கே போனது என்று இப்போது கவனியுங்கள். நல்ல காபினெட்டில் சர்க்கரை 40 கிராம் இருந்தும் வாய் சுத்தமாக முடியும். மட்டமானதில் நாக்கில் பசை மாதிரி ஒட்டியிருக்கும்.

பழச்சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஐந்துக்குள் மறைந்தால் குட்டை, பத்தைத் தாண்டினால் நீளம். புளிப்பு நிற்பதை எண்ணாதீர்கள், அது எல்லா மோஸலிலும் நிற்கும். பழம் நிற்கிறதா என்பதே கேள்வி.

ஸ்லேட் கல்லின் சுவை என்று பலர் எழுதுகிறார்கள். மழை பட்ட கல்லின் வாசனை போன்ற ஒன்று உண்மையாகவே வரும். ஆனால் கல் கரைந்து வேர் வழியாக ஒயினுக்குள் வந்துவிட்டது என்று அறிவியல் சொல்லவில்லை. உயர்ந்த புளிப்பும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து தரும் உணர்வு என்றே பலரும் கருதுகிறார்கள்.

மதிப்பெண் தாள்

அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 புள்ளி முறை உலகமெங்கும் கடைத்தட்டில் தொங்குகிறது. அது 50இல்தான் தொடங்கும். நடைமுறையில் பெரும்பாலான ஒயின்கள் 85க்கும் 95க்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 91க்கும் 92க்கும் என்ன வேறுபாடு என்று புதியவர் சொல்லிவிட முடியாது. 20 புள்ளி முறை போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1959இல் வகுத்தது இதில் பழையது. ஆனால் அது குறை கண்டுபிடிக்கச் செய்த முறை. கீழே உள்ளது மோஸலுக்கு ஏற்றபடி எங்கள் பங்கீடு.

மணத்தின் தெளிவுக்கு 4. வாயில் சுவையின் அடர்வுக்கு 4. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பதற்கு 5. நீளத்துக்கு 4. வட்டாரத்தின் முகம் தெரிகிறதா என்பதற்கு 3. ஒரே வட்டாரச் சுவைப்பில் இந்தக் கடைசி 3 புள்ளி முக்கியம். அருமையான ஒயினாக இருந்தும் கனமாக, புளிப்பு மங்கி, வேறெங்கிருந்தோ வந்தது போல இருந்தால் இங்கே புள்ளி குறையும்.

மேலே பார்த்த காபினெட்டையே தாளில் போட்டுப் பார்ப்போம். தீக்குச்சி வாசனை சுழற்றியதும் போய் மணம் தெளிந்தது, ஆனால் அடக்கமாகவே இருக்கிறது: 3. சுவை அடர்வு நடுத்தரம்: 3. இனிப்பு வந்த சுவடு தெரியாமல் புளிப்பில் முடிகிறது: 5. பழம் எட்டு நொடி: 3. மெல்லிய உடம்பு, குறைந்த ஆல்கஹால், கூரிய புளிப்பு, மோஸல் என்று சொல்ல வேறென்ன வேண்டும்: 3. மொத்தம் 17. பகுதி பகுதியாகப் போட்டால்தான் இந்தப் 17க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்தும் புரியும். முதலில் மொத்தத்தை முடிவுசெய்துவிட்டு அதற்கேற்பப் பகுதிகளை நிரப்பும் பழக்கம் எல்லோருக்கும் வரும். தாளின் கீழ்ப்பகுதியை மடித்து வைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

புதியவர் குழுக்களில் மிக இனிப்பான ஒயின் முதலிடம் பிடிப்பது வழக்கம். ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் தரவரிசைப்படுத்தினால் ஷ்பேட்லேஸே எளிதாக வென்றுவிடும். அதனால் ட்ரோக்கனைத் ட்ரோக்கனோடும், காபினெட்டைக் காபினெட்டோடும் மட்டும் ஒப்பிட்டு வரிசைப்படுத்துங்கள். ஷ்பேட்லேஸேயை அதே தோட்டத்துக் காபினெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பழம் கூடுதலாகப் பழுத்தது என்ன சேர்த்தது, எதை மறைத்தது என்று குறிப்பு மட்டும் எழுதினால் போதும்.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. "ஆகா" என்று ஒருவர் சொன்னால் போதும், மேசை முழுதும் இரண்டு புள்ளி ஏறிவிடும். வயதில் மூத்தவர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

குழுவின் மதிப்பெண்ணைச் சேர்க்கும்போது சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எட்டுப் பேர் ஓர் ஒயினுக்கு 17, 17, 16, 16, 16, 15, 15, 9 என்று போட்டிருந்தால் சராசரி 15.1. இன்னொன்றுக்கு 19, 19, 18, 18, 12, 12, 11, 11 என்றால் சராசரி 15. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல. முதல் ஒயினை ஏழு பேர் நன்று என்கிறார்கள். 9 போட்டவரின் கிளாஸில் சோப்பு இருந்ததா என்று பாருங்கள். இரண்டாவது, ஆட்களை இரண்டாகப் பிரிக்கும் ஒயின். பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஒவ்வொரு ஒயினுக்கும் நடு எண், மிக உயர்ந்த எண், மிகத் தாழ்ந்த எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

குறையா, குணமா?

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்துணி நாற்றம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. சுழற்றினாலும் போகாது, அந்தப் போத்தலுக்கு மதிப்பெண் போடாமல் ஒதுக்கிவிட்டுக் கடையில் மாற்றிக் கேளுங்கள். திருகு மூடியில் இது மிகமிக அரிது.

அடியில் கண்ணாடித் தூள் போலப் படிகம் கிடந்தால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிந்தது. தீங்கில்லை. பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் வாசனை ரீஸ்லிங்குக்கே உரியது. டிடிஎன் என்ற சேர்மம், வெயில் அதிகம் பட்ட பழத்திலும் வயதான ஒயினிலும் கூடும். பழத்தோடு இழைந்து வந்தால் குணம், இளம் ஒயினில் எல்லாவற்றையும் மூடிவிட்டால் குறை. அடிபட்டுப் பழுத்த ஆப்பிள் வாசனையும் மங்கிய மஞ்சளும் சேர்ந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது.

நம் ஊருக்கே உரியது சூடு பிடித்த ஒயின். கார்க் மேலே தள்ளி நிற்கும், கழுத்தில் கசிந்த பிசுபிசுப்பு இருக்கும், வாயில் பழம் செத்து வேகவைத்த சுவை வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்டருக்குள் வைத்தால் இருட்டாகத்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டு சரி, காற்றோட்டமில்லாத அந்த அறையில் ஆண்டு முழுதும் 28 டிகிரிக்குக் குறையாது. ஃப்ரிட்ஜின் தலைமேல் வைப்பது அதைவிட மோசம். ஒயின் அலமாரி இல்லாதவர்கள், வாங்கிய போத்தலைச் சாதாரண ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துச் சில வாரங்களுக்குள் திறந்துவிடுவது நல்லது. கடையிலிருந்து வரும் வழியில் கார் பூட்டில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

சாப்பாடு

இடையில் வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் மட்டும். முறுக்கும் கடலையும் மதிப்பெண் தாளை வாங்கி வைத்த பிறகு.

அதற்குப் பிறகு நம் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், சர்க்கரை தணிக்கும். 8 விழுக்காடு ஆல்கஹாலும் 40 கிராம் சர்க்கரையும் உள்ள காபினெட் மீன்தலைக் கறிக்குப் பொருந்துவது இதனால்தான். கறியிலுள்ள புளி ஒயினின் புளிப்பைக் குறைத்துக் காட்டி, பழத்தை முன்னே கொண்டுவரும். ட்ரோக்கனைக் காரமில்லாத வறுத்த மீனோடு வைத்துப் பாருங்கள். ஷ்பேட்லேஸே சில்லி கிராபுக்குப் போகும். கேசரி, லட்டு வகையறாவோடு மட்டும் காபினெட்டைச் சேர்க்காதீர்கள். உணவின் இனிப்பு ஒயினின் இனிப்பை முந்திவிட்டால் ஒயின் வெறும் புளிப்பாக நிற்கும். சாப்பாட்டோடு சுவைத்ததற்குத் தனித் தாள் வையுங்கள். முதல் தாளில் அடித்துத் திருத்தக் கூடாது.

போத்தலில் மீதமிருப்பதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ட்ரோக்கன் இரண்டு மூன்று நாளும், இனிப்பு வகைகள் நான்கைந்து நாளும் தாங்கும். மறுநாள் மாலை, முந்தைய தாளைப் பார்க்காமல் அதே ஒயின்களுக்கு இன்னொரு முறை மதிப்பெண் போடுங்கள். முதல் நாள் தீக்குச்சி வாசனையோடு மூடிக் கிடந்த ஒயின் இரண்டாம் நாள் மூன்று புள்ளி ஏறியிருக்கும், பழமாக மணத்துக்கொண்டிருந்தது சப்பென்று இறங்கியிருக்கும். எது ஏறியது, எது இறங்கியது என்பதைத் தாளில் எழுதி, அடுத்து வாங்கும்போது ஏறியதில் இன்னொரு போத்தல் சேர்த்து வாங்குங்கள்.